ஊழியத்துக்குப் புதிதாக வருவோரின் ஆவணங்கள்: மதுரை வட்டாரத்துக்கான வழிகாட்டி

மதுரையில் கிறித்தவ ஊழியத்துக்குப் புதிதாக வருபவரிடம் சான்றிதழைக் கேட்டால், ஒருவர் இறையியல் கல்லூரியில் வாங்கிய பட்டத்தை எடுத்து நீட்டுகிறார். இன்னொருவர் மூப்பர்கள் கைவைத்து ஜெபித்த நாளில் கொடுத்த தாளைக் காட்டுகிறார். வேறொருவர் திருமணம் நடத்துவதற்கு அரசிடம் பெற்ற உரிமத்தை முன்வைக்கிறார். மூன்றும் மதிப்புள்ளவைதாம். ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது. பட்டம் அவர் என்ன படித்தார் என்பதைச் சொல்கிறது. குருப்பட்டச் சான்றிதழ் (பிரதிஷ்டை, அபிஷேகம், திருநிலைப்பாடு என்று சபைக்குச் சபை பெயர் மாறினாலும் பொருள் ஒன்றே) அவரை எந்தத் திருச்சபை, யார் கையால், எந்தப் பொறுப்புக்கு ஏற்படுத்தியது என்பதைச் சொல்கிறது. உரிமம் நாட்டின் சட்டத்துக்கு முன் அவர் எதைச் செய்யலாம் என்பதைச் சொல்கிறது. புதியவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இம்மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான்.

இந்தியாவில் எந்த அரசுத் துறையும் யாருக்கும் குருப்பட்டம் வழங்குவதில்லை. ஆகவே பிரதிஷ்டைச் சான்றிதழின் தலைப்பில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தால் அதைக் கண்டு மகிழ வேண்டியதில்லை. அப்போதுதான் ஐயப்பட வேண்டும். ஓர் அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதும், 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதிவு செய்வதும் சொத்து வைத்திருக்கவும் வங்கிக் கணக்கு நடத்தவும் உதவுமே ஒழிய, குருப்பட்டம் கொடுக்கும் அதிகாரத்தை அந்தப் பதிவு உண்டாக்கிவிடாது. அந்த அதிகாரம் திருச்சபையின் சொந்த விதிகளிலிருந்து வருவது.

முதல் படி: எந்த வழியில் வருகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்த வழி மிகத் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. 1938இல் மறைமாவட்டமாக ஏற்படுத்தப்பட்டு 1953இல் உயர்மறைமாவட்டமான மதுரையிலும் உலகின் மற்ற இடங்களில் உள்ள அதே திருச்சபைச் சட்டம்தான் நடப்பில் உள்ளது. மெய்யியலுக்குக் குறைந்தது 2 ஆண்டும் இறையியலுக்கு 4 ஆண்டும் குருமடத்தில் படித்து, குருவுக்கு முந்தின படியான திருத்தொண்டராகி (டீக்கனாகி), அதற்குப்பின் குறைந்தது ஆறு மாதம் கழித்து, 25 வயது நிறைந்தவராகவே ஒருவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்படுகிறார். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, திருநிலைப்பாட்டு விவரங்களை மறைமாவட்ட அலுவலகத்தின் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும், திருநிலைப்படுத்திய ஆயர் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றும், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குச் செய்தி அனுப்பி அங்குள்ள திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கருமாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் பெயருக்கு எதிரே, ஓரத்தில், அவர் குருவான நாளும் இடமும் வேறொரு மையில் எழுதப்பட்டிருக்கும். சான்றிதழ் தொலைந்தாலும் உண்மை தொலையாமல் இருப்பது இத்தகைய ஏற்பாட்டால்தான். மற்றத் திருச்சபையினரும் பின்பற்றத் தக்க முறை இது.

தென்னிந்தியத் திருச்சபையின் வழி சேகரத்தில், அதாவது உள்ளூர்ச் சபைகளின் தொகுதியில், தொடங்குகிறது. ஊழியத்துக்கு அழைப்புண்டு என்று உணர்கிறவர் தம் சேகரத்தின் பரிந்துரையோடு, பேராயரின் ஆட்சிப் பகுதியான திருமண்டலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். திருமண்டலம் தெரிந்தெடுத்து இறையியல் படிக்க அனுப்பும். படிப்பு முடிந்து பயிற்சிக் காலம் கழிந்த பின்னரே டீக்கனாகவும், அதன்பின் ஆயராகவும் பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்வார் (இங்கே ஆயர் என்பது குருவைக் குறிக்கும்; கத்தோலிக்கர் ஆயர் என்று அழைப்பவர் இங்கே பேராயர்). சொந்தச் செலவில் இறையியல் பட்டம் வாங்கி வந்து, "எனக்கு எப்போது அபிஷேகம்?" என்று திருமண்டல அலுவலகத்தில் கேட்பவர்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள். 1976 முதல் இத்திருச்சபையில் பெண்களும் குருப்பட்டம் பெறுகின்றனர். அவர்களுக்கும் நடைமுறை இதுவேதான்.

மதுரை வட்டாரத்துக்கு இங்கே ஒரு தனி வரலாறு உண்டு. 1834இல் இங்கு வந்த அமெரிக்க மதுரை மிஷன் பேராயர் முறை இல்லாத சபை மரபைச் சேர்ந்தது. அதன் வழிவந்த போதகர்கள் 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் இருந்தவர்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பேராயரின் கைவைப்பைப் பெறாத அப்போதகர்களை மறுபடியும் அபிஷேகம் செய்யாமல் அப்படியே ஆயர்களாக ஏற்றுக்கொண்டனர். அதற்குப் பிந்தைய அபிஷேகங்கள் அனைத்தும் பேராயர் வழியாகவே நடக்கும் என்றும் முடிவாயிற்று. யார் கைவைத்தார்கள் என்ற கேள்வி, பின்னே பார்க்கப்போகும் திருமணச் சட்டத்தில் மறுபடியும் வந்து நிற்கும்.

லுத்தரன் சபையில் வருபவர்களுக்கும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாவதற்கு நெடுங்காலம் முன்பே, 1733இல், தரங்கம்பாடியில் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். இந்தியரான முதல் புரொட்டஸ்டண்டு குரு அவரே.

பெந்தெகொஸ்தே சபைகளிலும் தனிச் சபைகளிலும் வருபவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. பெரிய ஐக்கியங்களில் உள்ளூர் ஊழியர், உரிமம் பெற்ற ஊழியர், பிரதிஷ்டை பெற்ற போதகர் எனப் படிநிலைகள் இருக்கும். அங்கே அலுவலகமும் பதிவேடும் உண்டு. ஒரே சபையாக, ஒரு வீட்டு மாடியில் தொடங்கி வளர்ந்த ஊழியங்களில் மூத்த போதகர் ஞாயிறு ஆராதனையில் கைவைத்து ஜெபித்து, மாலையணிவித்து, அச்சகத்தில் வாங்கிய படிவத்தில் பெயரெழுதிக் கொடுத்துவிடுவார். அந்த ஜெபத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பத்து ஆண்டு கழித்து அந்தத் தாளை யாராவது சரிபார்க்க வேண்டுமென்றால் எங்கே போவார்கள் என்பதுதான் கேள்வி. ஆகவே, உங்களைப் பிரதிஷ்டை செய்யப்போகும் சபையின் அறக்கட்டளைப் பத்திரத்திலோ விதிகளிலோ போதகரை ஏற்படுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், ஆட்சிக் குழுவைக் கூட்டி, இன்னாரை இந்த நாளில் போதகராகப் பிரதிஷ்டை செய்வதென்று தீர்மானம் எழுதி, கூடியிருந்தோர் அனைவரிடமும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்தவுடன் குருப்பட்டம் வழங்கும் அயல்நாட்டு அமைப்புகளும் இருக்கின்றன. அவற்றின் தாளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். உங்களைத் தெரிந்த சபையோ, உங்களைத் திருத்தும் மூப்பரோ அதன் பின்னே இல்லாததால் வேறு எதற்கும் அது உதவாது.

இரண்டாம் படி: படிப்பும் பட்டமும்

மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, செராம்பூர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. செராம்பூர்க் கல்லூரி 1818இல் தொடங்கப்பட்டது. பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பெற்றது. 1918இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால், பட்டங்களை நிர்வகிக்கும் அதன் செனட் அமைந்தது. எந்த இறையியல் பள்ளியில் சேர்வதானாலும், பட்டத்தைத் தருவது யார், அந்த அமைப்புக்குப் பட்டம் தரும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதுபோல நேரான விடை கிடைக்கிறதா என்று பாருங்கள். பட்டம் தர அதிகாரமில்லாத வேதாகமப் பள்ளிகளிலும் நல்ல பயிற்சி கிடைக்கலாம். அதைப் பயிற்சிச் சான்றிதழ் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

கௌரவ டாக்டர் பட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுரையில் பிளக்ஸ் அடிப்பவர்கள் போதகர் பெயரைக் கண்டதும் முன்னால் "டாக்டர்" உண்டா என்று தாமாகவே கேட்கும் அளவுக்கு அது பெருகிவிட்டது. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சட்டப்படி நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களும் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம் என்கிறது. ஓட்டல் கூடமொன்றில் பணம் கட்டி வாங்கும் முனைவர் பட்டம் உங்கள் உண்மையான சான்றிதழ்களின் மீதும் ஐயத்தை உண்டாக்கும் என்பதால், அது கையில் இல்லாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

மூன்றாம் படி: பெயரைச் சரிசெய்தல்

அபிஷேக நாளுக்குச் சில மாதங்களுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நம் பக்கத்தில் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும், ஞானஸ்நானத்தில் ஒரு பெயரும், சபையில் அழைக்கும் பெயர் ஒன்றுமாக மூன்று பெயரோடு இருப்பவர்கள் ஏராளம். பள்ளியில் மு. கருப்பசாமி, சபையில் பாஸ்டர் சாமுவேல், ஆதாரில் சாமுவேல் கருப்பசாமி என்று இருந்தால், குருப்பட்டச் சான்றிதழ் யாருடையது என்பதை ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஞானஸ்நானப் பெயரையே நிலையாக வைத்துக்கொள்ள விரும்பினால், பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடச் செய்து, ஆதார், வங்கி, கடவுச்சீட்டு அனைத்தையும் அதற்கேற்ப மாற்றிய பிறகு, அந்தப் பெயரிலேயே குருப்பட்டச் சான்றிதழை எழுதச் சொல்லுங்கள். பழைய பெயரே போதுமென்றால் சான்றிதழில் பழைய பெயரை எழுதி, "சாமுவேல் என்று அழைக்கப்படும்" என்று சேர்க்கச் சொல்லலாம். "ரெவரெண்டு", "பாஸ்டர்" போன்ற முன்னொட்டுகளை ஆதாரிலும் கடவுச்சீட்டிலும் சேர்க்க முயல வேண்டாம்.

பெயரோடு ஒட்டிய இன்னொன்று சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பிற்காலத் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கின்றன. பட்டியல் சாதிகளிலிருந்து கிறித்தவரானோர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். இது நியாயமா என்பது நெடுங்கால வழக்கு. ஆனால் குருப்பட்டச் சான்றிதழைவிட வலுவான சமயச் சான்று வேறில்லை என்பதால், அதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய சமுதாயச் சான்றிதழைப் பயன்படுத்துவது பெரிய சிக்கலில் கொண்டுபோய்விடும். ஞானஸ்நானம் பெற்றுக் கிறித்தவராக வாழ்ந்துகொண்டே வேலைவாய்ப்புக்காக இந்து என்று கோரியதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பை ஏமாற்றும் செயல் என்றே குறிப்பிட்டது.

நான்காம் படி: சான்றிதழைக் கையில் வாங்கும்போது

ஆராதனை முடிந்து, மாலை கழுத்தில் கிடக்க, உறவினர்கள் படமெடுக்கச் சூழ்ந்து நிற்கும் நேரத்தில் யாரும் சான்றிதழைப் படிப்பதில்லை. அன்று மாலைக்குள்ளாவது ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். முழுப் பெயர் இனிஷியலோடு சரியாக இருக்கிறதா. டீக்கனா, ஆயரா, போதகரா என்ற பொறுப்பு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா. நாளும் ஆலயமும் ஊரும் உள்ளனவா. கைவைத்தவரின் பெயர் கையெழுத்துக்குக் கீழே அச்சிலோ தெளிவான எழுத்திலோ இருக்கிறதா. முத்திரை கையெழுத்தை மறைக்காமல் விழுந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவேட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டு எண் இல்லாத சான்றிதழ் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் எண் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் சரிபார்ப்பு, எண் இல்லாவிட்டால் பல வாரம் இழுக்கும். பிழை இருந்தால் நீங்களே திருத்தாமல், கொடுத்த அலுவலகத்தில் ஒப்படைத்துப் புதிதாக எழுதி வாங்க வேண்டும்.

லேமினேஷன் செய்யாதீர்கள். உறைந்த பிளாஸ்டிக்கின் மீது நோட்டரியோ அயல்நாட்டுப் பயன்பாட்டுக்கான அலுவலகமோ முத்திரை குத்த முடியாது.

ஐந்தாம் படி: திருமணம் நடத்தும் அதிகாரம்

குருப்பட்டம் பெற்ற மறு மாதமே, உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரு குடும்பம் பத்திரிகையில் உங்கள் பெயரை அச்சடித்துக்கொண்டு வந்து நிற்கும். அதற்கு முன்னால் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தைப் படித்திருக்க வேண்டும். மணமக்களில் ஒருவராவது கிறித்தவராக இருந்து, கிறித்தவ முறையில் திருமணம் நடந்தால், அதை யார் நடத்தலாம் என்பதை அதன் 5ஆம் பிரிவு வரையறுக்கிறது. பேராயரின் கைவைப்பால் குருப்பட்டம் பெற்றவர் தம் திருச்சபையின் முறைப்படி நடத்தலாம். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் குரு நடத்தலாம். 6ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு உரிமம் கொடுத்த போதகர் நடத்தலாம். திருமணப் பதிவாளர் நடத்தலாம். 9ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெற்றவர் இந்தியக் கிறித்தவர்களுக்கிடையேயான திருமணத்துக்குச் சான்றளிக்கலாம். இந்த ஐந்தில் எதிலும் அடங்காதவர் நடத்தினால், 68ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கலாம். சபையில் ஞானஸ்நானம் கொடுக்கிறோம், இராப்போஜனம் நடத்துகிறோம், திருமணத்துக்கு மட்டும் என்ன தடை என்று எண்ணுபவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

இதன் பொருள், கத்தோலிக்க அருட்பணியாளருக்கும் தென்னிந்தியத் திருச்சபை ஆயருக்கும் அரசிடம் தனி உரிமம் வேண்டியதில்லை. அவர்கள் தம் திருச்சபையின் உள் அனுமதியைப் பெற்றிருந்தால் போதும். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்டு, தனிச் சபைப் போதகர்களுக்கு உரிமம் கட்டாயம் தேவை. தனிச் சபைகளில் சிலர் தமக்குத் தாமே "பிஷப்" என்று பெயர் வைத்துக்கொண்டு முதல் வகைக்குள் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த வாதத்தை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் துணிவு உங்களுக்கு இருந்தாலும், அதற்கு விலை கொடுக்கப்போவது உங்களை நம்பி வந்த மணமக்கள். ஆகவே உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே முறை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துத் தொடங்குங்கள். குருப்பட்டச் சான்றிதழ், சபையின் பதிவு ஆவணம், சபை உங்களைப் போதகராக ஏற்ற தீர்மானத்தின் நகல், முகவரிச் சான்று, ஆலயம் இருக்கும் இடத்துக்கான ஆவணம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். உரிமம் வரும்வரை, உரிமமுள்ள இன்னொரு போதகரை அழைத்து அவரை நடத்தச் சொல்லி, நீங்கள் பிரசங்கம் செய்யலாம்.

உரிமம் கிடைத்தபின் நினைவில் வைக்க வேண்டியவை சில. காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடத்த வேண்டும். நடத்துபவரைத் தவிர, நம்பத்தக்க இரண்டு சாட்சிகள் வேண்டும். இவ்விரண்டில் எதைத் தெரிந்தே மீறினாலும் மூன்று ஆண்டு வரை சிறை என்று 69ஆம் பிரிவு சொல்கிறது. மாலைத் திருமணத்துக்கு ஐந்தரை என்று அச்சிட்டு, மணமகள் ஒப்பனை முடிந்து ஆறே முக்காலுக்கு வந்திறங்குவது நம் ஊரில் வழக்கமென்பதால், நான்கரைக்கு மேல் எந்தத் திருமணத்துக்கும் நேரம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

9ஆம் பிரிவு உரிமத்தைப் பயன்படுத்துபவர்கள், மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருப்பதையும், இருவருக்கும் உயிரோடிருக்கும் கணவரோ மனைவியோ இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். முதல் மணம் முறிந்தவரானால் நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கேளுங்கள். சபையோ திருச்சபை நீதிமன்றமோ கொடுத்த விலக்கு நாட்டுச் சட்டத்தில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே கூறியிருக்கிறது. இந்த வகைப் பதிவேட்டைத் தமிழிலேயே எழுதச் சட்டம் இடம் தருகிறது. சான்றிதழுக்கான கட்டணமாக அந்தச் சட்டம் குறிப்பிட்டிருப்பது நான்கணா.

6ஆம் பிரிவு உரிமம் பெற்றவர், பதிவேட்டில் ஒருமுறையும் அதன் அடிக்கட்டையாக உள்ள சான்றிதழில் ஒருமுறையுமாக, ஒவ்வொரு திருமணத்தையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். எண்கள் புத்தகத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாகச் செல்ல வேண்டும். நடுவில் பக்கம் விடக்கூடாது. நடத்தியவர், மணமக்கள், இரு சாட்சிகள் கையெழுத்திட்டபின் சான்றிதழைப் பிரித்து ஒரு மாதத்துக்குள் மாவட்டத் திருமணப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். பூங்கொத்தும் மாலையும் நெருக்கும் மேசையில் அவசரமாக எழுதும்போது மணமகளின் தந்தை பெயர் தவறுவது சாதாரணம். ஒயிட்னரைத் தொடாமல், ஒரே கோடிட்டு அடித்து, மேலே சரியாக எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிடுங்கள். முந்தின நாளே பென்சிலில் தனித்தாளில் எழுதி, குடும்பத்தாரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டால் இந்த வேலையே மிச்சம்.

இவையெல்லாம் முடிந்தாலும், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டத்தின்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும்படி மணமக்களிடம் சொல்லி அனுப்புங்கள். அங்கே அவர்கள் முதலில் காட்டப்போவது நீங்கள் கொடுத்த சான்றிதழைத்தான்.

ஆறாம் படி: பணியின் போக்கில் தேவைப்படுபவை

வேறு மறைமாவட்டத்துக்குச் செல்லும் கத்தோலிக்கக் குரு, தம் மேலதிகாரி ஓராண்டுக்குள் கொடுத்த அறிமுகக் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும். முன்பின் தெரியாத ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்ற அதைத்தான் கேட்பார்கள். மற்றச் சபைகளில் மாற்றுக் கடிதம் இந்த வேலையைச் செய்கிறது. அரசு இராசாசி மருத்துவமனையிலோ மத்திய சிறையிலோ ஒருவரைச் சந்தித்து ஜெபிக்க வேண்டுமானால் குருப்பட்டச் சான்றிதழின் மூலப்படியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சபையின் லெட்டர்பேடில் நாளிட்ட கடிதமும் ஆதாரும் போதும். அனுமதி தருவதும் மறுப்பதும் அங்குள்ள அதிகாரியின் கையில். சபைகளில் பணிபுரியும் உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்திருக்கிறது. உறுப்பினராவது பற்றி மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

அயல்நாட்டு ஊழியத்துக்கு விசா கேட்பவர்கள் குருப்பட்டச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நோட்டரியிடமும் மாநில அளவிலும் சான்றொப்பம் பெற்று, பின் ஆவணம் உண்மையானது என்று அயல்நாடுகளுக்குக் காட்டும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டியிருக்கலாம். அமெரிக்காவின் சமய ஊழியர் விசாவுக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாவது அதே சபைப் பிரிவில் உறுப்பினராக இருந்ததற்கான சான்றும் தேவை. புறப்படுவதற்காகவே கடைசி நேரத்தில் சபை மாறுபவர்களுக்கு இது தடையாகும்.

சான்றிதழ் தொலைந்துவிட்டால்

முதலில் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணத் தொலைப்பு அறிக்கையைப் பதிந்து அதன் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். பின் குருப்பட்டம் வழங்கிய திருமண்டல அல்லது மறைமாவட்ட அலுவலகத்துக்கு நாள், ஆலயம், கைவைத்தவர் பெயர், பதிவேட்டு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினால், பதிவேட்டிலிருந்து எடுத்த சான்றைத் தருவார்கள். தனிச் சபையாக இருந்து, கைவைத்த போதகரும் காலமாகியிருந்தால், தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை இன்றைய ஆட்சிக் குழுவிடம் சான்றொப்பமிட்ட நகலாக வாங்குங்கள். அன்று உடனிருந்த மூப்பர்கள் இருவரிடம், தாம் நேரில் கண்டதைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி வாங்கி, அதையும் சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். புதிய சான்றிதழை அச்சடித்துப் பழைய நாளைப் போட்டுக்கொள்ள மட்டும் யார் சொன்னாலும் இணங்காதீர்கள்.